ஒரு மெஷின் போதும், ஒரே டொம்கேட் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டத்துப் பாடசாலைக்கும் சங்கத்துக்கும் கம்பியூட்டர் கையளிக்கிற படங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. சந்தோஷம். ரிப்பன் வெட்டி, பொன்னாடை போர்த்தி எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெட்டியில் எதை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு செர்வர் வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். கொஞ்சம் தொழில் விஷயமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுக்கப்போகிறவர்கள் வாசகர்களில் பலர், அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு சங்கமோ கல்வி நிலையமோ நாலைந்து மென்பொருள் வைத்துக்கொள்ள வேண்டிய நிலைமை. கட்டணக் கணக்குக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, வரவுப் பதிவுக்கு ஒன்று, வெளியாட்கள் பார்க்கிற இணையத்தளம் ஒன்று, கடன் கொடுக்கிற சங்கமாக இருந்தால் அதற்கு வேறொன்று. நான் பார்க்கிற இடங்களில் இவற்றில் பெரும்பாலானவை ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியவை, ஓடுவது அப்பாச்சி டொம்கேட்டில், அதாவது ஜாவா இணைய மென்பொருள்களை ஓட்டிக் கொடுக்கிற இலவச செர்வர் மென்பொருளில். விற்க வருகிறவர்கள் இரண்டு விதம்.

முதல் ஆள், மென்பொருளுக்கு ஒரு செர்வர் என்று ஐந்து பெட்டிக்கு விலை எழுதிக்கொண்டு வருவார். ஏன் ஐந்து என்று கேட்டால் பாதுகாப்பு என்பார். ஐந்து பெட்டிக்கும் யூ.பி.எஸ் வேண்டும், பேட்டரி வேண்டும், இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரியை மாற்ற வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டினார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். லக்சபான, மேல் கொத்மலை நீர்மின் நிலையங்கள் நம்முடைய மலையில்தான் இருக்கின்றன, வெட்டு வந்தால் மட்டும் நாமும் மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான், அது வேறு கதை. அந்த மாதிரி ஒரு காலம் திரும்பி வந்தால் பேட்டரியில் ஒரு பெட்டியைக் காப்பாற்றலாம், ஐந்தைக் காப்பாற்ற முடியாது. சரி, சொந்தமாக வாங்காமல் கிளவுட்டில் ஐந்தை வாடகைக்கு எடுக்கலாமே என்றால் அதற்கு பில் டொலரில் வரும். அதே 2022இல் 200 ரூபா அளவில் நின்ற டொலர் 360ஐத் தாண்டியபோது, ஒன்றும் கூடுதலாகப் பாவிக்காமலே பில் ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் ஆனது.

இரண்டாவது ஆள் மலிவானவர். ஒரு பெட்டி, ஒரு டொம்கேட். அதற்குள் இருக்கிற வெப்ஆப்ஸ் போல்டரில் ஐந்து வார் பைலையும் (மென்பொருளைக் கட்டிய பொதி) கொண்டுபோய்க் கொட்டி, 8080 என்ற போர்ட்டில், அதாவது மெஷினின் கதவு எண்ணில், ஐந்தும் ஓடுகிறது பாருங்கள் என்று திரையில் காட்டிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு அன்றைக்கே கொழும்பு பஸ் ஏறிவிடுவார். இவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

ஏனென்று தோட்டத்து வரிசை வீடான லயத்தை வைத்துச் சொன்னால் நம் ஆட்களுக்கு உடனே விளங்கும். லயத்தில் காம்பரா (அறை) தனித்தனி, கதவு தனித்தனி, அடுப்பும் தனித்தனி. ஆனால் ஒரு காம்பராவில் வயர் உரசித் தீப்பிடித்தால் என்ன ஆகிறது? அந்த லயமே எரிந்து அத்தனை குடும்பமும் பாடசாலை மண்டபத்தில் தங்கியிருக்கிற செய்தியைத்தானே வருஷா வருஷம் வாசிக்கிறோம். கூரை ஒன்று, நடுவில் இருக்கிற சுவர் பெயருக்குத்தான். ஒரே டொம்கேட்டுக்குள் ஐந்து மென்பொருளை வைப்பதும் அப்படித்தான். வெளியே இருந்து பார்த்தால் ஐந்துக்கும் தனித்தனி முகவரி இருக்கும். உள்ளே ஐந்தும் ஒரே ஜாவா புரோசஸ், அதாவது ஓடுகிற ஒரே நிரல், ஐந்துக்கும் ஒரே மெமரிக் குவியல். ஒன்றின் வகுப்புக் கோப்புகள் (ஜாவா நிரலின் துண்டுகள்) மற்றதோடு கலக்காமல் டொம்கேட் பார்த்துக்கொள்ளும், அது வரைக்கும் நல்லது. மெமரியை அது பிரித்துக் கொடுக்காது, சி.பீ.யுவையும் பிரித்துக் கொடுக்காது. ஒன்று மெமரியைக் குடித்துத் தீர்த்தால் மற்ற நாலுக்கும் அதே கதிதான். எதையாவது ஒன்றுக்காக ரீஸ்டார்ட் பண்ண வேண்டி வந்தால் ஐந்தும் சேர்ந்து விழும்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு கல்வி நிலையம். கணக்கு மென்பொருளில் வருஷக் கணக்கு அறிக்கை என்று ஒரு பட்டன். அதை அமத்தினால் எல்லா வருஷத்துப் பற்றுச்சீட்டையும் ஒரே தடவையில் மெமரிக்குள் ஏற்றும் விதமாக யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். காசாளர் பிள்ளை பாவம், மாதக் கடைசியில் அதை அமத்தும், திரையில் வட்டம் சுற்றும், வரவில்லையே என்று திரும்ப அமத்தும். அதே நேரம் வாசலில் பெற்றோர் புதிய பிள்ளைகளுக்கு அனுமதிப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள், கடைசிப் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு வெள்ளைத் திரை. நூலகத்தில் புத்தகம் கொடுக்க முடியாது. செர்வர் நடந்ததை எழுதி வைக்கிற லொக் பைலைத் திறந்தால் அவுட் ஒஃப் மெமரி, மெமரி தீர்ந்தது என்று வரி வரியாக ஓடியிருக்கிறது. அந்த மென்பொருளை எழுதிய ஆளைப் பிடித்துத் திருத்த வைக்க மாதக் கணக்கானது. அது வரைக்கும் என்ன செய்வது? கணக்கை மட்டும் பிரித்து வேறாக ஓடவிட்டோம், அதே பெட்டியில்தான். அதற்குப் பிறகும் பட்டனை அமத்தினால் கணக்கு விழும்தான். ஆனால் அது மட்டும் விழும், எழுப்பிவிட்டால் எழும்பும், வாசலில் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இதற்கு டொம்கேட்டிலேயே வழி இருக்கிறது, காசு கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. டொம்கேட் இரண்டு இடங்களைப் பிரித்துப் பார்க்கும். கேட்டலினா ஹோம் என்பது நிறுவிய இடம். அதற்குள் இருக்கிற 'பின்' (bin), 'லிப்' (lib) என்ற இரண்டு போல்டரும் எல்லாருக்கும் பொது, ஒரு பிரதி இருந்தால் போதும். கேட்டலினா பேஸ் என்பது ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும், அதாவது தனியாக ஓடுகிற ஒவ்வொரு டொம்கேட்டுக்கும், சொந்தமான இடம். கொன்ஃப், லொக்ஸ், டெம்ப், வெப்ஆப்ஸ், வேர்க் என்ற ஐந்து போல்டரும் அங்கே இருக்கும். நூலகத்துக்கு ஒரு பேஸ், கணக்குக்கு ஒரு பேஸ் என்று வைத்து, பேஸ் எது ஹோம் எது என்று சொல்லித் தொடங்கினால் ஒவ்வொன்றும் தனி ஜாவா புரோசஸாக ஓடும். போல்டர்களைக் கையால் உருவாக்கச் சோம்பலாக இருந்தால் டொம்கேட்டோடு மேக்பேஸ் என்று ஒரு ஸ்கிரிப்ட் வருகிறது, அதுவே செய்து கொடுக்கும்.

போர்ட்டில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். கொன்ஃப் போல்டரில் இருக்கிற செர்வர் எக்ஸ்.எம்.எல் என்ற அமைப்புப் பைலில் 8080ஐ 8081 ஆக்கிவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். அதே பைலின் மேலே 8005 என்று இன்னொரு போர்ட் இருக்கிறது, செர்வரை நிறுத்துவதற்கான போர்ட். அதை மாற்றாமல் விட்டால் இரண்டாவது இன்ஸ்டன்ஸ் நன்றாகத் தொடங்குவது போலத் தொடங்கி, மென்பொருளையெல்லாம் ஏற்றி முடித்து, கடைசியில் அந்தப் போர்ட் கிடைக்கவில்லை என்று தன்னைத்தானே மூடிக்கொள்ளும். பார்க்கிறவனுக்கு பேய் பிடித்த மாதிரி இருக்கும். அதோடு, 8005க்கு அந்த மெஷினுக்குள் இருந்து யாராவது ஷட்டவுன் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அனுப்பினாலே செர்வர் நின்றுவிடும், ஆரம்பத்தில் வருகிற அமைப்பு அப்படித்தான். ஐந்து இன்ஸ்டன்ஸ் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற பெட்டியில் இது எதற்கு? அந்த எண்ணை கழித்தல் ஒன்று என்று வைத்து அதை அடைத்துவிட்டு, தொடங்குவதையும் நிறுத்துவதையும் லினக்ஸ் இயங்குதளத்தில் அந்த வேலையைப் பார்க்கிற சிஸ்டம்டியிடம் விட்டுவிடுங்கள்.

மெமரி அடுத்தது. ஜாவாவிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் மெஷினில் இருக்கிற ரேமில் கால்வாசி வரைக்கும் எனக்கு என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கும். 8 ஜி.பீ. மெஷினில் ஒன்று 2 ஜி.பீ. வரை போகலாம், ஐந்து இருந்தால் 10. தரவுத்தளத்துக்கு வேறு வேண்டும். அமைதியான நாட்களில் தெரியாது, எல்லாரும் ஒன்றாக வேலை செய்கிற நாளில் ரேம் முடிந்து, லினக்ஸ் எந்தப் புரோசஸைக் கொல்லலாம் என்று தேடும், அநேகமாக அதிகம் பிடித்து வைத்திருப்பதைத்தான் பிடிக்கும், அது தரவுத்தளமாகவும் இருக்கலாம். அப்படியானால் பிரித்து வைத்ததே வீண். அதனால் ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்.எம்.எக்ஸ் என்ற உச்ச மெமரி அளவைக் கட்டாயம் எழுத வேண்டும். நூலகம் மாதிரிச் சின்னதுக்கு 512 எம்.பீ. தாராளம். ஆனால் அது குவியலின் அளவு மட்டும்தான், திரெட்டுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஜாவா அதற்கு வெளியே இன்னும் எடுக்கும், ஆகவே சில நூறு எம்.பீ. கூட்டிக் கணக்குப் போடுங்கள். அதற்கு மேலே சிஸ்டம்டியில் மெமரிமேக்ஸ் என்று ஒரு உச்ச வரம்பும் சி.பீ.யுவுக்கு ஒரு பங்கும் வைக்கலாம். எல்லை தாண்டினால் தாண்டியதுதான் அடிபடும், பக்கத்தில் இருப்பது தப்பிக்கும்.

ஐந்தையும் ஒரே லினக்ஸ் பயனர் பெயரில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதைவிட மோசமாக, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பெயரிலேயே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியாட்கள் பார்க்கிற இணையத்தளத்தில் ஒரு ஓட்டை வழியாக எவனாவது உள்ளே வந்தால், அதே பெயரில் ஓடுகிற கடன் கணக்கின் கோப்புகளையும், தரவுத்தள பாஸ்வேர்டையும் அவன் நிதானமாக வாசிக்கலாம். ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் ஒரு பயனர் பெயர், அதன் பேஸ் போல்டரைத் திறக்க அந்தப் பயனருக்கு மட்டும் உரிமை, தரவுத்தளத்திலும் தனித்தனிப் பயனர். கடன் வாங்கிய அங்கத்தவர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் அதற்குள் இருக்கிறது என்பதை விற்கிறவர்கள் நினைத்துப் பார்க்கிறார்களா தெரியவில்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்த இடத்திலும் ஒரு முறைப்பாடு வரும். கணக்கில் லொகின் பண்ணிவிட்டு நூலகத்தைத் திறந்தால் கணக்கு வெளியே தள்ளிவிடுகிறது, திரும்பக் கணக்குக்குள் போனால் நூலகம் தள்ளிவிடுகிறது, பாஸ்வேர்ட் அடித்தே கை வலிக்கிறது என்பார்கள். செர்வரில் கோளாறு ஒன்றும் இல்லை. லொகினை நினைவில் வைக்க செர்வர் கொடுக்கிற குக்கியை பிரௌசர் சேமிக்கும்போது மெஷினின் பெயரைத்தான் பார்க்கும், போர்ட் எண்ணைப் பார்க்காது. 8081க்கும் 8082க்கும் அதற்கு வித்தியாசம் இல்லை. இரண்டு மென்பொருளும் முகவரியில் ஒரே பாதையில் இருந்து, இரண்டு டொம்கேட்டும் ஜே-செஷன்-ஐடி என்று ஒரே பெயரில் குக்கி கொடுக்கும்போது, பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும். குக்கியின் பெயரை ஒவ்வொரு இன்ஸ்டன்ஸிலும் வேறாக வைத்தாலும் தீரும். எனக்குப் பிடித்த வழி, வருகிற கோரிக்கையை உரிய இடத்துக்குப் பிரித்து அனுப்புகிற என்ஜின்-எக்ஸை முன்னால் நிறுத்தி, கணக்குக்கு ஒரு பெயர், நூலகத்துக்கு ஒரு பெயர் என்று ஆளுக்கொரு முகவரி கொடுத்து, டொம்கேட்டுகளை 127.0.0.1 என்ற, அந்த மெஷினுக்குள் மட்டும் செல்லுகிற முகவரியில் கேட்க வைப்பது. எச்.டி.டி.பீ.எஸ் சான்றிதழையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம், அலுவலகத்தில் இருக்கிறவர்களும் 8083 நூலகமா வரவுப் பதிவா என்று மேசையில் துண்டுக் கடதாசி ஒட்டி வைக்க வேண்டியதில்லை.

நம் மொழிக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. கையால் தொடங்கினால் பெயர்கள் தமிழில் அழகாக வரும், மெஷின் தானாகத் தொடங்கினால் அதே அறிக்கையில் பிள்ளைகளின் பெயருக்குப் பதில் கேள்விக்குறி வரிசையாக நிற்கும். கையால் தொடங்கும்போது உங்கள் லொகினோடு யூ.டி.எஃப்-8 என்ற, தமிழும் அடங்குகிற எழுத்துக் குறியீட்டு அமைப்பும் சேர்ந்து வருகிறது, தானாகத் தொடங்கும்போது செர்வரில் மொழி அமைப்பு இல்லாவிட்டால் பழைய ஜாவாவுக்கு வெறும் ஆங்கில எழுத்துத்தான் தெரியும். 2022இல் வந்த ஜாவா 18இலிருந்து யூ.டி.எஃப்-8தான் இயல்பு. ஆனால் நம் பக்கம் இன்னும் ஜாவா 8ம் 11ம்தான் ஓடுகின்றன. அந்தந்த இன்ஸ்டன்ஸின் செட்என்வ் என்ற தொடக்க அமைப்புப் பைலில் பைல் என்கோடிங் யூ.டி.எஃப்-8 என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. பழைய பாமினி எழுத்துருவில் இன்னும் கணக்கு வைத்திருக்கிற ஒரு மென்பொருள் இருந்தால் அதை அதன் இன்ஸ்டன்ஸில் அப்படியே விட்டுவிடலாம், மற்றவை அதற்காக வளைய வேண்டியதில்லை.

ஹோமும் பேஸும் பிரிந்திருப்பதன் அருமை அப்டேட் பண்ணும்போதுதான் தெரியும். 2020இல் கோஸ்ட்கேட் என்று ஒரு ஓட்டை வெளியே வந்தது, முன்னால் நிற்கிற வெப் செர்வர் டொம்கேட்டோடு பேசுவதற்கான 8009 என்ற ஏ.ஜே.பீ. போர்ட் வழியாக வெளியாள் மென்பொருளின் கோப்புகளை வாசிக்க முடிந்தது. அதுவரை அந்தப் போர்ட் டொம்கேட்டில் திறந்தே வந்துகொண்டிருந்தது, பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இப்படி ஒன்று வந்தால், புதிய டொம்கேட்டை பழையதுக்குப் பக்கத்தில் வைத்து, முதலில் நூலகத்தை மட்டும் புதிய ஹோமுக்கு மாற்றிப் பார்க்கலாம். இரண்டு நாள் ஒழுங்காக ஓடினால் அப்புறம் கணக்கை மாற்றலாம். சரிவரவில்லையா, ஒரு வரியைத் திருப்பி எழுதினால் பழைய இடம். வெப்ஆப்ஸில் எதையும் தொட வேண்டாம். ஒரு விஷயம், அந்த ஏ.ஜே.பீ. வரி இருப்பது ஒவ்வொரு பேஸிலும் உள்ள செர்வர் எக்ஸ்.எம்.எல்லில், அதை ஒவ்வொன்றிலும் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

படித்த பிள்ளைகள் சிலர் இதை வாசித்துவிட்டு, அண்ணே, மென்பொருளைத் தனித்தனிக் கூடாக அடைத்து ஓட்டுகிற டொக்கர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். இருக்கட்டும். டொக்கரும் நல்லதுதான், கீழே அது பாவிப்பதும் லினக்ஸின் அதே மெமரி வரம்புகளைத்தான். ஆனால் ஒரு பெட்டியும், வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்க்கிற ஒருவனும் மட்டும் இருக்கிற இடத்தில், மழைக்காலத்தில் இணையம் இழுத்துப் பறிக்கிற ஊரில், இன்னொரு அடுக்கைக் கற்றுக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழுநேரமாக ஒரு ஆள் இருந்தால் தாராளமாகப் போங்கள்.

எத்தனை பிரித்தாலும் டிஸ்க் ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டலினா அவுட் என்ற லொக் பைல் தானாகச் சுருங்காது, வளர்ந்துகொண்டே போகும், பழைய லொக்கை ஒதுக்கி அழிக்கிற லொக்ரொட்டேட்டைப் போடாவிட்டால் ஒரு மென்பொருளின் புலம்பல் டிஸ்கை நிரப்பி ஐந்தையும் நிறுத்திவிடும். மின்னல் அடித்தாலும் ஐந்தும் சேர்ந்துதான் போகும். அதனால் முதல் ஆள் சொன்ன ஐந்து பெட்டிக்கான காசில் ஒரு பங்கை எடுத்து, பிரதி எடுத்து வைக்க வேறொரு டிஸ்க் வாங்கி, அதை வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். மண்சரிவு அபாயம் என்று வருஷத்துக்கு எத்தனை தரம் ஆட்களை எழுப்பி வெளியே அனுப்புகிற மாவட்டம் இது.

இப்போது மென்பொருள் வாங்கப்போகிற சங்கத்துக்காரர்களுக்கு ஒன்று. கடைசித் தவணைக் காசைக் கொடுப்பதற்கு முன்னால், கொண்டுவந்து பூட்டியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நூலகத்தை மட்டும் நிறுத்திக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அவர் நிறுத்தட்டும். அந்த நேரம் உங்கள் காசாளர் பக்கத்து மேசையில் ஒரு பற்றுச்சீட்டை அடித்து எடுக்கட்டும். சீட்டு வந்தால் மிச்சக் காசைக் கொடுங்கள், வராவிட்டால் அவரை இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள், பஸ் காசு அவருடையது.

இப்படிக்கு,
கொட்டகலை வாசகன்